மூணாவது புஷ்ஷின் கண்

சாத்தூரில் எங்கள் சந்துக்கு ஒரு பக்கம்தான் வழி, மறுபக்கம் தீப்பெட்டி ஆபீசின் பின்சுவர், அதனால் உள்ளே வந்தவர்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பித்தான் போகவேண்டும், அப்படித்தான் எத்தனையோ வருசமாகப் போய்க்கொண்டும் இருந்தார்கள், பெத்துராஜ் அண்ணாச்சி விஜயதசமி அன்று காலையில் காரின் எஞ்சினுக்குள் மூணாவது புஷ்ஷை அடித்து இறக்குகிற வரைக்கும்.

அண்ணாச்சி எங்கள் எதிர்வீடு. முப்பத்தோரு வருசம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டுக்குக் கார் ஓட்டியவர். முதலாளியின் மூன்று பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு, காலேஜுக்கு, பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு என்று கொண்டுபோய், ஒவ்வொரு இடத்திலும் தான் முதலில் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டு, பிள்ளை இறங்கி உள்ளே போகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்த மனுசர். வேலையிலிருந்து நின்றபோது, ஓடாமல் கிடந்த பழைய வெள்ளைக் காரை அவருக்கே கொடுத்துவிட்டார்கள், அது அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் செல்வக்கனிக்கு நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்குத்தான் அந்தத் தார்ப்பாயை எடுத்தார். கோத்தகிரிக்கும் மேலே ஒரு மலையூர், அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் இன்ன தேதிக்குள் வந்து கையெழுத்துப் போடவேண்டும், போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு என்று தாளில் எழுதியிருந்தது.

"ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதவு தொறந்துவிட்ட கை. எம்பிள்ள பஸ்ல போயி எறங்குறதா?" என்று சொல்லிவிட்டு, எஞ்சினைக் கழற்றி, நாலு பேரை வைத்துத் தூக்கி, வீட்டு முன்னறையில் மரப்பெஞ்சின் மேல் படுக்கவைத்தார். அன்றையிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் எஞ்சினைச் சுற்றித்தான் நடந்தார்கள், எஞ்சினைச் சுற்றித்தான் சாப்பிட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சன்னலும் அவர்கள் வீட்டுச் சன்னலும் நேருக்கு நேர். பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. எஞ்சினின் இரும்பு உடம்புக்கு பிளாக் என்று பேர். அதற்குள்ளே நீளத் தண்டு ஒன்று சுற்றும், அது கேம்ஷாஃப்ட், எஞ்சின் எப்போது மூச்சை இழுக்கவேண்டும் எப்போது விடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அதுதான். அந்தத் தண்டு உட்கார்ந்து சுற்ற மூன்று வளையம், அதைப் புஷ் என்பார்கள். ஒவ்வொரு புஷ்ஷிலும் எண்ணெய் வர ஒரு துளை, கண் என்பார்கள், இருக்கும். பிளாக்கிலும் அதற்கு எதிரே ஒரு கண் இருக்கும். ரெண்டு கண்ணும் ஒன்றையொன்று பார்த்தால்தான் எண்ணெய் உள்ளே வரும். பார்க்காவிட்டால், கையால் சுற்றும்போது தண்டு பட்டுப்போலச் சுற்றும், ஆனால் ஓட்டினால் வெந்துபோகும். தெரியாமல் அடித்துவிட்ட புஷ்ஷை வெளியே தட்டி எடுத்தால் அது வீண், மறுபடி வேறு புஷ்தான்.

ஆயுதபூசைக்கு முந்தின நாள் அண்ணாச்சி ரெண்டு புஷ்ஷை இறக்கினார். இரும்பு குளிர்ந்தால் சுருங்குமாம், அதற்காக மூன்று புஷ்ஷையும் பிரிட்ஜில் மாவுச்சட்டிக்கு மேலே வைத்திருந்தார். சந்து முனையில் லேத் பட்டறை வைத்திருக்கிற சவரிமுத்து புஷ்ஷைத் தள்ளுவதற்கென்றே கடைந்துகொடுத்த வேறொரு தண்டை வைத்து, கனி டார்ச் பிடிக்க, அவர் அடித்தார். ஒவ்வொன்றும் உள்ளே போனபிறகு, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, வெளிக்கண்ணில் விட்டுத் தள்ளுவார். குச்சியின் நுனி உள்ளே எட்டிப் பார்த்ததும் "பாத்துட்டுது" என்பார். மெதுவாகத்தான் சொல்வார், ஆனால் சன்னல் தாண்டி எனக்குக் கேட்கும். மூணாவது புஷ்ஷின் கண் எங்கே வரவேண்டும் என்று பிளாக்கின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து வைத்தார், இருட்டிவிட்டது என்று நிறுத்தினார். மறுநாள் பூசை. பூசையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது.

சீனியம்மாள் மதினி, அவர் பெண்சாதி, பூசை என்று வந்துவிட்டால் வீட்டில் ஒரு கரண்டியைக்கூட விடமாட்டாள். எஞ்சினை விடுவாளா? எண்ணெய்த் துணியால் அதன் உடம்பெல்லாம் பளபளவென்று துடைத்து, நெற்றி என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் விபூதிப் பட்டை இழுத்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று இன்னும் ரெண்டு மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சுத்தியலுக்கு, ஸ்பேனருக்கு, லேத்துத் தண்டுக்கு, என் வீட்டு ஆட்டுரலுக்குக்கூட அவள்தான் வந்து பொட்டு வைத்தாள். சந்து முழுக்கப் பொரிகடலை தின்றோம்.

விஜயதசமியன்று விடிந்து குளித்துவிட்டு, முதல் வேலையாக அண்ணாச்சி சுத்தியலை எடுத்தார். கனி டார்ச் பிடித்தாள். ஏழு அடி. எண்ணினேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேம்ஷாஃப்டை உள்ளே நுழைத்துச் சுற்றிப் பார்த்தார், பட்டுப்போலச் சுற்றியது. கனி டார்ச்சை வைத்துவிட்டு, பால் வாங்கச் செம்பை எடுத்துக்கொண்டு முன்வாசல் படியில் கால் வைத்தாள். நான் எதிரே கோலப்பொடி டப்பாவோடு நிற்கிறேன். ஒரு கால் படியில் இருந்தது, மறுகாலைத் தூக்கினாள், ஆளைக் காணோம். வீட்டுக்குள்ளே, அடுப்படியில், பின்வாசல் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"யம்மா, இது நம்ம அடுப்படில்ல?"

அன்றையிலிருந்து அந்த வீட்டு முன்வாசல் வழியாக வெளியே போகிறவர்கள் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள், பின்வாசல் வழியாகப் போகிறவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். மதினி மகளைத் திட்டிவிட்டு, விளையாட்டைப் பார் என்று தானே வெளியே நடந்து, அடுப்படிக்கு வந்து, பால் பொங்காத அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி ரெண்டு தரம் போய் ரெண்டு தரம் வந்தார். குளியலறையும் கக்கூசும் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் பிழைத்தார்கள்.

இது தெரியாமல் பத்து மணிக்குத் தரகர் பூவலிங்கம் வந்து சேர்ந்தார். கக்கத்தில் ஜாதகப் பை. மாப்பிள்ளை பக்கத்துத் தெரு, காராச்சேவுக் கடை வைத்திருக்கிறவர் மகன், பெண் கண்ணெதிரிலேயே இருக்கும், வேலை கீலை என்று மலையேற வேண்டியதில்லை என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். காப்பி குடித்தார். போய்ட்டு வாரேன் என்று எழுந்தார். போனார், வந்தார். போனார், வந்தார். நாலாவது தடவை அடுப்படியில் உட்கார்ந்து, மதினியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

சும்மா இருப்போமா நாங்கள்? தாம்புக்கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையைத் தரகர் இடுப்பில் கட்டச்சொல்லி, மறுமுனையைச் சந்தில் ஆறு பேர் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்க அவர் வாசலுக்கு வருவார், மறைவார், அடுப்படியில் பாத்திரம் உருளும், மறுபடி வாசலுக்கு வருவார். மூன்று சுற்று சுற்றியதும், சாமிகளா விட்டுருங்க என்று கும்பிட்டார். சவரிமுத்து சன்னல் கம்பியை அறுத்துக்கொடுத்தான். தரகர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, உடம்பை நீட்டி, இந்தப் பக்கம் குதித்தார், குதித்த சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. கை வரும், ஆள் வராது. அதுதான் கணக்கு என்று தெரிந்துகொண்டோம்.

கை வந்தால் போதாதா? சன்னல் வழியாக இட்லி போயிற்று, தூக்குச்சட்டி திரும்பி வந்தது. பால்காரர் சன்னலில் ஊற்றப் பழகிக்கொண்டார். பூசாரி வந்து நிலையில் எலுமிச்சம்பழம் கட்டினார், சவரிமுத்து மாதாகோயில் தீர்த்தம் கொண்டுவந்து அதன்மேலேயே தெளித்தான், ரெண்டு சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. என் கோழி ஒன்று எப்படியோ உள்ளே போய்விட்டது, அதற்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துப்போய், முன்வாசல் பின்வாசல் என்று நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே முட்டையும் இட்டது. பார்க்க வந்த வெளித்தெருக்காரர்கள் ரெண்டு நாள் வந்தார்கள், மூணாம் நாள் வேறு சோலி இருந்தது அவர்களுக்கு. எங்களுக்கும் அப்படித்தான். முட்டுச்சந்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன பெரிய அதிசயம்? திரும்புகிற வீடு என்று பேர் வைத்தோம். திரும்புகிற வீட்டுக்குப் பக்கத்தில் என்று ஆட்டோக்காரர்களுக்கு அடையாளம் சொல்லத் தொடங்கினோம்.

கனிக்கு மட்டும் அது பழகவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம், மூன்று வேளையும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசலுக்கு வருவாள். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று சந்துக்கே தெரியும். சான்றிதழ், ஆர்டர் தாள், ரெண்டு வெள்ளைச் சேலை, மலையில் குளிருமே என்று அவள் அம்மா விருதுநகர்வரை போய் வாங்கிவந்த கத்தரிப்பூக் கலர் சுவெட்டர். சாத்தூர் வெயிலில் சுவெட்டரை யார் கண்டது? வந்த அன்றைக்கு நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போட்டுப்பார்த்துச் சிரித்தோம். அந்தப் பையோடு படியில் கால்வைப்பாள், மறைவாள், அடுப்படியிலிருந்து நடந்து வந்து, மறுபடி படியில் கால்வைப்பாள். முதல் நாள் தரகர் ஒதுங்கி வழிவிட்டு, வாங்கம்மா வாங்க என்று கேலி செய்தார். மூணாம் நாள் பேசாமல் வழிவிட்டார். அஞ்சாம் நாள், அண்ணாச்சியின் கைலியைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த மனுசர், அந்தப் பிள்ளை வரும்போது எழுந்து நின்றார்.

உள்ளதைச் சொன்னால் எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திதான். எங்கள் சந்தில் யாருக்கு ஊசி போடவேண்டுமானாலும், பிரசர் பார்க்கவேண்டுமானாலும் கனிதான். இனிமேல் எங்கே போகப்போகிறாள், தேதி தாண்டிவிட்டால் மனசு ஆறிவிடும், காராச்சேவுக்காரன் நல்ல பையன்தான், மாப்பிள்ளையையும் சன்னல் வழியாக உள்ளே அனுப்பிவிட்டால் தாலி கட்டிவிட்டு அங்கேயே இருந்துவிட்டுப் போகிறான் என்று சன்னலடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பேசிச் சிரித்தோம். ஆறாம் நாள் நான் குழம்புச்சட்டியை நீட்டினேன். கனி வாங்கவில்லை.

"பெரியம்மா, இத்தன நாளா வீடுதான் என்னப் பிடிச்சு வச்சிருக்குன்னு நெனச்சேன்," என்றாள். "நீங்க எல்லாரும்தான் பிடிச்சிருக்கீக."

சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எனக்கும் அந்தக் குழம்பு இறங்கவில்லை.

அண்ணாச்சி இந்த நாளெல்லாம் எஞ்சினில் ஒரு வேலையும் செய்யவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கேம்ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பார். மகள் போகும்போதும் சுற்றுவார், மகள் வரும்போதும் சுற்றுவார்.

ஏழாம் நாள் சாயங்காலம் சவரிமுத்து சன்னலடிக்கு வந்து பீடி பற்றவைத்தான். இரும்புச் சத்தத்திலேயே வளர்ந்தவன். அண்ணாச்சி தண்டைச் சுற்றுவதைக் கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, வாசல் எப்போது இப்படி ஆச்சு என்று கேட்டான். மூணாவது புஷ் இறக்கின அன்றைக்கு என்று மதினி சொன்னாள். அவன் பீடியைக் கீழே போட்டான்.

"அண்ணாச்சி, மூணாவதுக்கு குச்சி விட்டுப் பாத்தீகளா?"

அண்ணாச்சி தண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். என்ன குச்சி என்று மதினி கேட்டாள். சவரிமுத்து கண்ணைப் பற்றி, கோட்டைப் பற்றி விளக்கிச் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. அந்தக் கோட்டைத் துடைத்தது அவள்தானே. அழுக்கு என்று நினைத்தல்லவா துடைத்தாள். துடைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி, லட்சணமாக இருக்கட்டும் என்று பொட்டும் வைத்தாளே. பொட்டைக் குறி என்று எடுத்து அவர் அடித்திருக்கிறார், கண் மூடிப்போயிற்று. "எம்பிள்ளயக் கட்டிப்போட்டது நாந்தானா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த ராத்திரிக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்களுக்கும் பேச ஒரு காரணம் வேண்டியிருந்ததே. சீனியம்மா வச்ச பொட்டு, சீனியம்மா வச்ச பொட்டு என்று குழாயடியிலும் பேச்சு, கடையிலும் பேச்சு. இரும்புக்கு எதற்குப் பூவும் பொட்டும் என்றார்கள், தங்கள் வீட்டு கிரைண்டருக்கு மாலை போட்டவர்களே. எட்டாம் நாள் மதினி சன்னல் பக்கம் வரவில்லை. போன இட்லி அப்படியே திரும்பி வந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததையும், கனி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கையில் நாடி பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். இன்னும் ரெண்டே நாள்தான் தேதிக்கு.

மத்தியானம் கனி எழுந்து முன்னறைக்கு வந்தாள். பையை எடுக்கவில்லை. அப்பா முன்னால் நின்றாள். சன்னலுக்கு வெளியே நானும் சவரிமுத்துவும் நிற்கிறோம், மூலையில் தரகர் இருக்கிறார்.

"யப்பா. டார்ச் பிடிச்சது நான். மொத ரெண்டுக்கும் குச்சி விட்டீக. மூணாவதுக்குக் கையத் தொடச்சீக. நீங்களாச் சொல்லுவீகன்னு எட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

கேம்ஷாஃப்ட் சுற்றுவது நின்றது. அண்ணாச்சி அடுப்படிப் பக்கம் திரும்பி, மதினிக்குக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"ஒம்மேல ஒண்ணும் இல்ல சீனி. சாக்பீசு வெள்ள. பொட்டு செவப்பு. முப்பத்தொரு வருசம் வண்டி ஓட்டுனவனுக்கு செவப்பு தெரியாதா?"

எங்களுக்கும்தான் தெரியும், சாக்பீஸ் வெள்ளை, குங்குமம் சிவப்பு என்று. ஒரு ஆளுக்குக்கூட அது தோன்றவில்லை பாருங்கள். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னார். முதல் புஷ் இறங்கினபோது சந்தோசமாக இருந்ததாம். ரெண்டாவது இறங்கினபோது, இன்னும் ஒன்றுதானே பாக்கி என்று இருட்டைச் சொல்லி நிறுத்தினாராம். மூணாவதைக் கையில் எடுத்தால், இது சரியாக உட்கார்ந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் பிள்ளை போய்விடும் என்று இருந்ததாம். பொட்டு கண்ணில் பட்டதும், சரி, இதுவே குறியாக இருக்கட்டும், வண்டி போகிற வழியில் நிற்கட்டும், நின்றால் திரும்பி வந்துவிடலாம் என்று அடித்தாராம். தரகரை வரச் சொன்னதும் அவர்தானாம். வாசல் இப்படிப் பண்ணும் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

"அத இப்பமாவது சொன்னீகளே," என்றார் தரகர். "பிள்ளயப் போகவிடுங்க அண்ணாச்சி. எனக்கும் வீடு இருக்கு."

அடுப்படியிலிருந்து மதினி எழுந்து வந்தாள். அவரை அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் நேரே போய், அந்த லேத்துத் தண்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

சவரிமுத்து போய் லேத்தைப் போட்டவன்தான், ஒன்பதாம் நாள் விடிகாலையில் நல்ல வெண்கலத்தில் புதுப் புஷ் ஒன்றைக் கடைந்து, கண்ணும் துளைத்து, துணியில் சுற்றிச் சன்னல் வழியாகக் கொடுத்தான். அது மாவுச்சட்டிக்கு மேலே குளிர்கிற நேரத்தில், அண்ணாச்சி கேம்ஷாஃப்டை உருவிவிட்டு, பழைய மூணாவதைத் தட்டி எடுத்தார். உள்ளே போக ஏழு அடி வாங்கியது, வெளியே வர முப்பது அடிக்கு மேல் வாங்கியது. கீறலும் நெளிவுமாகத் தரையில் விழுந்து உருண்டு கனி காலடியில் நின்றது.

பிறகு கண்ணைத் தேடிப் பிடித்து, சாக்பீஸை எடுத்தவர், கீழே வைத்துவிட்டு மதினியைக் கூப்பிட்டார். "நீ வையி. இந்த எடத்துல." அவள் மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் விரலை எடுக்காமல் அப்படியே காட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, அவர் விரலை விலக்கிவிட்டு, அங்கே ஒரு பொட்டு வைத்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்து அவர் அடித்தார். ஏழு அடி. ஈர்க்குச்சியை உருவி மகள் கையில் கொடுத்தார்.

கனி குச்சியைக் கண்ணில் விட்டுத் தள்ளினாள். அவர் டார்ச் பிடித்தார். சந்தே சன்னலில் நின்றது. அவர் குனிந்து பார்த்தபடியே இருந்தார், ரொம்ப நேரம் இருந்தார், பிறகு சொன்னார்.

"பாத்துட்டுது."

முன்வாசல் வழியாக என் கோழி சந்துக்கு வந்து, எங்கே வந்தோம் என்று தெரியாமல் நின்றது.

அதற்குப் பின்னால் தரகர் போன வேகம் இருக்கிறதே, செருப்பை விட்டார், ஜாதகப் பையை விட்டார், அண்ணாச்சி கைலியோடு ஓடியவர் முனை திரும்புகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கனி குளித்துச் சேலை மாற்றிப் பையோடு வந்தாள். ஒன்றரை மணிக்கு மதுரை பஸ், அங்கிருந்து கோயமுத்தூர், அங்கிருந்து மலை. எஞ்சின் வயிறு திறந்து கிடந்தது. இன்னும் நாலு நாள் இருந்தால் முடித்துவிடுவேன் என்று அண்ணாச்சி சொன்னார். நாலு நாள் இல்லப்பா என்று அவள் சொன்னாள்.

அவர் அவளுக்கு முன்னால் வாசலிறங்கினார். எஞ்சின் இல்லாமல் மூக்குப் பள்ளமாக நின்ற வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கனி எங்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். அவர் கதவைச் சாத்தினார். சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, முதலாளி பிள்ளைகளுக்கு நின்ற மாதிரியே ஒதுங்கி நின்றார். அவள் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து முனை வரைக்கும் நடந்து, வலப்பக்கம் திரும்பினாள்.

நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனோம். சாயங்காலம் காப்பித்தூள் வாங்க அந்த வீட்டுக்குப் போனேன், எட்டு நாளைக்குப் பிறகு பயமில்லாமல் படியேறினேன். அண்ணாச்சி அடுப்படியில், பின்வாசலை விரியத் திறந்துவைத்து, அதற்கு நேரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அந்த ஈர்க்குச்சி இருந்தது. ஒன்றரையிலிருந்து இப்படித்தான் இருக்கிறார் என்று மதினி கண்ணாலேயே சொன்னாள். பஸ் மதுரை தாண்டி, ஒட்டன்சத்திரம் தாண்டியிருக்கும். பின்வாசலில் வெயில் இறங்கி, துவைகல் மேல் நிழல் ஏறியது.

மதினி அடுப்பிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள், "என்ன, வந்துட்டாளா?"

அண்ணாச்சி வாசலைப் பார்த்தார். பிறகு குச்சியைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு எழுந்தார். பாத்துட்டுது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"வரல."